கல்லாவும் ரொட்டிக் கல்லும்

அன்றைக்கு ஒரு முடிவோடுதான் ஆட்டோவை எடுத்தேன். சாப்பாட்டுக் கடைப் பேச்சை இன்றோடு ஒழித்துக்கட்டுவது.

நான் டிக்கோயாவில் ஆட்டோ ஓட்டுகிற சுதாகரன். மனைவி பேர் வினோதா. ஆறு மாதமாக அவளுக்கு ஒரே பேச்சு. வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது, முன்னறை சும்மா கிடக்கிறது, காலையில் ரொட்டி போட்டால் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் வாங்கும் என்பாள். யார் போடுவது என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். எனக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாது என்றேன்.

அது பொய். கல்யாணத்துக்கு முந்தி கொழும்பில் ஒரு ஹோட்டலில் நாலு வருஷம் வீச்சு ரொட்டி போட்டவன் நான். ஒரு நாளைக்கு முந்நூறு. இனி செத்தாலும் மாவில் கை வைப்பதில்லை என்ற சத்தியத்தோடுதான் ஊர் திரும்பினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் கல்லாவில் இருந்ததாகச் சொல்லிவிட்டேன். பெரிய பொய் என்று சொல்ல முடியாது. கல்லாவுக்கும் ரொட்டிக் கல்லுக்கும் நாலடிதான் தூரம்.

நுவரெலியாவில் வினோதாவின் அண்ணன் துஷாந்த் இருக்கிறார். செருப்பு வாங்கவே மூன்று மாதம் யோசிக்கிற மனுசன். அவர் வேண்டாம் என்றால் இவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். மச்சானையே கேட்டுவிடுவோம் என்றேன். சரி என்று சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

தலவாக்கலை தாண்டி இரண்டாவது வளைவில் மண் சரிந்து ரோட்டை மூடிக் கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மெஷின் வந்து மண்ணை அள்ள மூன்று மணி நேரமாகும் என்றார்கள். முன்னால் ஒரு பஸ், இரண்டு லொறி, பின்னால் நாங்கள். தூறல், குளிர், எல்லாவற்றுக்கும் மேலே பசி.

ரோட்டோரம் ஒரு தகரக் கடை. நாகலெட்சுமி என்கிற அம்மா நடத்துகிறார். அடுப்பில் பருப்பு கொதித்தது. அம்மியில் மிளகாயும் வெங்காயமும் வைத்து இடித்த கட்டச் சம்பல் சிவந்து கிடந்தது. பிசைந்த மா உருண்டை உருண்டையாக எண்ணெயில் ஊறியது. ரொட்டி போடுகிற ஆள் மட்டும் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாராம். அந்த அம்மாவுக்கோ கையில் சுளுக்கு, கட்டுப் போட்டிருந்தார்.

வினோதா தான் போட்டுத் தருவதாகச் சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் ரொட்டி இலங்கை மேப் மாதிரி வந்தது. இரண்டாவதில் மூன்று ஓட்டை. மூன்றாவது அவள் தோளில் விழுந்தது. நாலாவதைக் கல்லில் போட்டுவிட்டு, திருப்ப மறந்து அந்த அம்மாவோடு பேசிக்கொண்டு நின்றாள். தீய்ந்த வாசனை ரோடு வரை வந்தது. பஸ் சனம் வெறும் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஐந்தாவது உருண்டையை எடுத்தாள். அதைப் பலகையில் வைத்து, சோடாப் போத்தலால் உருட்டப் போனாள்.

வீச்சு ரொட்டி மாவைப் போத்தலால் உருட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தள்ளு," என்றேன்.

தட்டினேன், விரித்தேன், வீசினேன். மா காற்றில் குடை மாதிரி விரிந்து கல்லில் விழுந்தது. மடித்துத் திருப்பி, சுட்டெடுத்து, இரண்டு உள்ளங்கையாலும் அடித்து உதறினேன். லொறி டிரைவர் ஐயா சம்பலைத் தொட்டு ஒரு வாய் வைத்தார். இரண்டாம் வாய்க்குள், 'தவ எகக்' என்று சிங்களத்தில் சொல்லி இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினார். பஸ் கண்டக்டர் ஏழு சாப்பிட்டார். கொழும்பில் நாலு வருஷம் ரொட்டி போட்டும், சாப்பிடுகிற ஒருத்தர் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். குளிரில் வெளிறிப்போன முகமெல்லாம் சிவந்திருந்தது.

கடைசி நாலு ரொட்டி எங்களுக்கு. பிய்த்துப் போட்டு, மேலே பருப்பை ஊற்றிச் சாப்பிட்டோம். சம்பலின் உறைப்பு காது வரை ஏறியது. நாகலெட்சுமி அம்மா இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ கொடுத்தார். பனி விலகி எதிர்மலைத் தேயிலை பச்சையாகத் தெரிந்தது. இந்த ருசியில் மனுசனுக்கு உண்மை பேசத் தோன்றிவிடுகிறது. கல்லாவில் இருந்ததாகச் சொன்னேனே, அது வந்து, என்று இழுத்தேன்.

"தெரியுங்க. கல்யாணத்தன்னிக்கே உங்க அக்கா சொல்லிட்டாங்க," என்றாள்.

"அப்ப நீ இவ்வளவு நேரம் கிழிச்ச ரொட்டி?"

பிளேன்டீயை ஊதிக் குடித்தாள்.

மெஷின் மண்ணை அள்ளி முடித்து வழி விட்டது. ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினேன். மனசுக்குள் கடை திறந்தே ஆகிவிட்டது. ஆனாலும் ஆம்பிளை உடனே ஒத்துக்கொள்ளலாமா? எதற்கும் மச்சான் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு முடிவு பண்ணுகிறேன் என்றேன்.

"கேளுங்க," என்றாள் வினோதா. "அண்ணன்தான் கடைக்கு உங்க பேர்ல போர்டு எழுதி வச்சிருக்காரு. அத ஏத்திட்டு வரத்தானே போறோம்."