இருபத்தேழுக்குப் பூஜ்யம்

அன்புள்ள தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்பது கடித மரபு கருதி எழுதப்பட்டது. அதற்கு வேறு பொருள் எதுவும் கொள்ள வேண்டியதில்லை. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். அங்கு நீயும் சுகமாகத்தான் இருப்பாய், மேடையேறி அடுத்தவனை வைத்துச் சிரிப்புக் காட்டுகிறவர்களுக்கு ஒரு குறையும் வராது. இனி உன்னோடு பேசுவதில்லை என்று பதினான்கு மாதத்துக்கு முன் சொன்னவன் இப்போது எழுதுகிறானே என்று நீ நினைக்கலாம். பேசுவதில்லை என்றுதான் சொன்னேன். எழுதுவதில்லை என்று சொன்னதாக என் குறிப்பேட்டில் இல்லை.

விஷயம் இதுதான். எனக்கு நெஞ்சில் இடதுபக்கம் ஒரு பாரம். மாலை நாலு மணிக்கு வந்து உட்காரும், ஆறரைக்கு எழுந்து போகும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட இப்படி நேரம் தவறாமல் வந்து போனதில்லை. முதலில் இதய மருத்துவரிடம் போனேன். படுக்க வைத்துப் படம் எடுத்தார், ஓட விட்டுப் படம் எடுத்தார், இதயத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வயிற்று மருத்துவர் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். நரம்பு மருத்துவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிவிட்டு அங்கேயும் ஒன்றும் இல்லை என்றார். ஆக, மூன்று நிபுணர்களின் ஒருமித்த தீர்ப்புப்படி என்னிடம் ஒன்றுமே இல்லை. இதைக் கல்யாணமான மறுவாரமே தான் கண்டுபிடித்துவிட்டதாக உன் அண்ணி சொல்கிறாள்.

கடைசியில் நம் குடும்ப டாக்டரிடமே திரும்பி வந்தோம். பழையவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் நாற்காலியில் இப்போது அவர் மருமகள். நான் எல்லா ரிப்போர்ட்டையும் தைத்து, பக்க எண் போட்டு, முன்னால் பொருளடக்கமும் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அந்தப் பெண் பொறுமையாகப் புரட்டிவிட்டுச் சொல்கிறது: “சார், உங்க வலி நிஜம். கற்பனைன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா மனசு சரியில்லாட்டியும் உடம்பு இப்படி வலிக்கும். இங்க தலைவலி, நெஞ்சுவலின்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அதுதான். வெளியில உக்காந்து இந்தத் தாளைப் பூர்த்தி பண்ணிக் குடுங்க.”

மனசாம். முப்பத்துநான்கு வருடம் தேர்வுத் துறையில், மறுமதிப்பீட்டுப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். கண்ணீரும் கம்பலையுமாக வந்த விண்ணப்பங்களுக்கு அரை மதிப்பெண்கூடக் கூட்டிக் கொடுக்காதவன். எனக்கு மனசு இருப்பதாக இதுவரை எந்த மாணவனும் புகார் சொன்னதில்லை.

இருந்தாலும் தேர்வு என்று வந்துவிட்டால் பின்வாங்குகிற பழக்கம் நமக்கு இல்லையே. வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, நாம் ஒன்றுக்கும் உதவாதவர் என்று தோன்றியதா, இப்படிப் போகிறது. தாளில் ஏழு எழுத்துப்பிழை. முதலில் அவற்றைச் சிவப்பு மையில் திருத்தினேன். பக்கத்தில் கழுத்துவலிக்காக வந்த ஒரு தையல்கார அம்மாள், “சார், நாலாவதுக்கு என்ன போட்டீங்க?” என்று எட்டிப் பார்த்தார். கையால் மறைத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. “எனக்கு எங்க அண்ணி வந்து நாலு நாள் தங்கினாதான் சார் கழுத்து பிடிக்குது. அதுக்கு இதுல கேள்வியே இல்லியே” என்றார். பாடத்திட்டத்தில் இல்லாததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டேன்.

நல்ல குடும்பத்தில் பிறந்தவன் என்ன பதில் எழுதுவானோ அதையே எழுதினேன். ஒன்பதுக்கும் ‘ஒருநாளும் இல்லை’. உன் அண்ணி தோளுக்கு மேலே பார்த்துவிட்டு, “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே, ராத்திரியெல்லாம் கூடத்துல நடக்கிறது யாரு?” என்றாள். தேர்வுக்கூடத்தில் பேசக்கூடாது என்றேன்.

டாக்டர் கூட்டிப் பார்த்துவிட்டு, “பூஜ்யம்” என்றாள்.

தம்பி, ஒன்றாம் வகுப்பிலிருந்து இன்றுவரை நான் பூஜ்யம் வாங்கியதில்லை. மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். இருபத்தேழாம். ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை என்றேன். ஒருநாளும் இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று என்றாள். மதிப்பெண் முறையைத் தாளில் அச்சிடாமல் தேர்வு நடத்துவது விதிமீறல் என்று எடுத்துச் சொல்லி, மறுதேர்வுக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்தேன். அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னாள். போனேன். அரை நிமிடத்தில் எழுதி முடித்தேன். இருபத்தேழுக்கு இருபத்தேழு.

தாளைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. “சார், ஒன்பதாவது கேள்வி, உயிரோட இருந்து என்ன பயன்னு தோணுதான்னு கேட்டிருக்கு. தினமும்னு போட்டிருக்கீங்க. நிஜமாவா?” என்றாள். “இல்லம்மா, மார்க்குக்காகப் போட்டது” என்றேன். உன் அண்ணி எழுந்து வெளியே போய்விட்டாள். டாக்டர் தாளை மடித்து மேஜை டிராயரில் போட்டாள். “பரீட்சை முடிஞ்சுது சார். இப்போ சும்மா பேசலாம். இந்த வலி எப்போ ஆரம்பிச்சுது?”

தேதி என்றால் நான் சொல்லாமல் இருப்பேனா? போன வருடம் நான் ஓய்வு பெற்ற நாள், மாலை நாலு மணி என்றேன். அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்றாள். பிரிவு உபசார விழா, என் தம்பி பேசிக்கொண்டிருந்தான் என்றேன். என்ன பேசினார் என்றாள்.

நீ பேசியதை நீயே மறந்திருப்பாய், எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. “எங்க அண்ணன் அம்மாவையே விட்டுவைக்கலை. வேலைக்குப் போன புதுசுல அம்மா எழுதின கடிதத்தை சிவப்பு மையில திருத்தி, பத்துக்கு மூணரைன்னு மார்க் போட்டு திருப்பி அனுப்பினவரு. அதுக்கப்புறம் அம்மா பேனாவையே தொடலை. அவங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன்.” நூற்றிருபது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பிரிவின் சிப்பந்தி, என்னைக் கண்டாலே நடுங்குகிறவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

இதற்கும் நெஞ்சுவலிக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரைக் கேட்டேன். “நீங்கதான் சார் சம்பந்தப்படுத்திச் சொன்னீங்க” என்கிறாள். பொடிப்பெண்ணுக்கு வாயைப் பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஆகவே நான் உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால்: எனக்கு மனசில் ஒரு கோளாறும் கிடையாது, உன் பேச்சு என்னை எள்ளளவும் பாதிக்கவில்லை, இந்த வலி வாயுதான். இதை உறுதிசெய்து நீ டாக்டருக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். உன்னோடு பேசுவதில்லை என்ற முடிவில் மாற்றமில்லை.

உன் மனைவிக்கு எங்கள் விசாரிப்பு. பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும். நீயும் கூடவே இருந்து தொலை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(மறுமதிப்பீட்டுப் பிரிவு, ஓய்வு)

பின்குறிப்பு: டாக்டருக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். இந்தக் கடிதமே அவள் கொடுத்த வீட்டுப்பாடம். “உங்க தம்பிக்கு எழுதுங்க, அனுப்பாட்டியும் பரவாயில்ல” என்றாள். அனுப்புவதாக இல்லை. உன் அண்ணி உறையில் விலாசம் எழுதி வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வித்தாளை மூன்றாவது முறை மார்க்கைப் பார்க்காமல் நிஜத்தையே எழுதினேன். பதினாறு வந்தது. ஒன்பதாவதுக்குப் பூஜ்யம்தான், பயப்படாதே. தூக்கத்துக்கு மூன்று, ஒன்றுக்கும் உதவாதவன் என்பதற்கு மூன்று. மாத்திரை தொடங்கியிருக்கிறது, வியாழன்தோறும் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். வலி இன்னும் வருகிறது, சில நாள் தாமதமாக.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லையடா. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, அதனால்தான் கடைசிவரை கடிதமெல்லாம் உன் கையெழுத்தில் வந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த மேடையில்தான் எனக்கு நிஜம் தெரிந்தது.

அடுத்த வியாழன் நாலு மணிக்கு வீட்டு ஆள் யாராவது கூட வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். வந்தால் பேசுவேன். நான் திருப்பி அனுப்பிய அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு வா. அன்றைக்குப் பிழையை மட்டும்தான் பார்த்தேன். அம்மா என்ன எழுதியிருந்தாள் என்று நினைவில்லை.