கயிறில்லாத லிஃப்ட்

மகள் இருக்கும் நாட்டுக்கு இந்த ஜென்மத்தில் போவதில்லை என்று நான் தீர்மானித்த அன்றுதான் அந்த நாடு தன் கதவைத் திறந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரியிலோ அடுக்குமாடியிலோ லிஃப்ட் பாதியில் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் ஓடும், கிணறு மாதிரி இருட்டான சந்தில், பெட்டியின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு உச்சிமாடி வரைக்கும் போய்வருவேன். ஒரு துளி பயம் கிடையாது. ஏனென்றால் மேலே கயிறு இருக்கிறது. இரும்புக் கயிறு. அதுவும் ஒன்றல்ல, பல. ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். எல்லாம் அறுந்தாலும் பெட்டியைக் கவ்விப்பிடிக்க பிரேக் உண்டு.

விமானத்துக்கு என்ன இருக்கிறது? மேலேயும் ஒன்றுமில்லை. கீழேயும் ஒன்றுமில்லை. நடுவில் நாம், கையில் ஒரு பொட்டலம் கடலையோடு.

இந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. முக்கியமாக மனைவியிடம். வீட்டில் எனக்கு மிச்சமிருக்கும் மரியாதை ஒரு டீஸ்பூன் அளவுதான். அதையும் கொட்டிவிட முடியுமா?

மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். அங்கே பேரன் பிறந்தான். கிளம்பலாம் என்று மனைவி பெட்டியை இறக்கிய மாதம், கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமி உலகத்தை இழுத்துப் பூட்டிவிட்டது. எத்தனை பெரிய நாடுகள்! எத்தனை படைகள்! எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

பேரனைச் செல்போனில்தான் பார்த்தோம். “தாத்தா எங்கடா?” என்று மகள் கேட்டால் போனைத் தூக்கிக் காட்டுவான். சார்ஜ் இறங்கிப் போன் அணைந்துவிட்டால், “தாத்தா தூங்கியாச்சு” என்று அதைத் தட்டிக்கொடுப்பானாம். கேட்டு நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. வாயைத் திறக்கவே நடுங்குகிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலிவரை கொண்டுபோய் உட்கார வைப்பாள். நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறக்க ஆரம்பித்ததும், உலக நாடுகள் அத்தனையையும் அந்த மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்துவிட்டாள். எந்த நாடு எந்த ஊசியை ஒத்துக்கொள்ளும், எந்த நாடு மூக்கில் குச்சி விடும், எது வந்தவனை அறையில் அடைத்து வைக்கும், எல்லாம் விரல்நுனியில். நேற்று இருந்த சட்டம் இன்று இருக்காது. அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். வெளியுறவுத் துறைக்கே இவளிடம் கேட்டுச் சொல்லலாம் போலிருந்தது.

“என்னங்க, கதவத் திறந்துட்டாங்க.”

“எந்தக் கதவு?”

“நம்ம பொண்ணு இருக்கற நாட்டுக் கதவு.”

“கதவு திறந்த உடனே கால வைக்கக்கூடாதும்மா. உள்ள லிஃப்ட் வந்து நிக்குதான்னு முதல்ல பாக்கணும்.”

“பாத்துட்டேன். நிக்குது.”

“நேரா விமானம் கிடையாதே? நடுவுல ஒரு நாட்டுல இறங்கி மாறணும். அவங்க நம்ம ஆளுங்கள இறங்கவே விடறதில்லையாம்.”

“அந்த நாடு வேணாம். அதுக்குப் பக்கத்து நாடு விடுது. கொஞ்ச நேரம் காத்திருக்கணும், அவ்வளவுதான்.”

“போய் இறங்கினா தனிமைப்படுத்துவாங்க.”

“ஆமா. ஒரே ரூம்ல ரெண்டு பேரையும்.”

“ரெண்டு பேரையுமா? உன்கூட ஒரே ரூம்லயா? அதுக்குப் பேரு தனிமையா?”

“எனக்கு மட்டும் என்ன, சுற்றுலாவா?”

அடுத்த வாரம் புள்ளிவிவரத்தோடு வந்தேன்.

“அங்க நூத்துக்கு எண்பது பேரு ஊசி போட்டாச்சு. நம்ம நாட்டுல பாதிகூடத் தாண்டல. நம்மளப் பாத்தா அவங்களுக்குப் பயமா இருக்காதா? பாவம், எதுக்குத் தொந்தரவு?”

“நாட்டுக்கணக்கு நமக்கெதுக்குங்க? நம்ம வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. ரெண்டு பேரும் போட்டா நூத்துக்கு நூறு.”

என்ன மூளை! ஆனாலும் விடவில்லை. அதற்கடுத்த வாரம், “அங்க எல்லாரும் முகமூடியக் கழட்டிட்டாங்களாம். இப்ப நமக்குத்தான் ஆபத்து” என்றேன்.

“போன வாரம் அவங்களுக்கு ஆபத்துன்னீங்க?”

“அது போன வாரம்.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பல்லில் சொத்தை இல்லை என்று சாதிக்கிறவரைப் பார்க்கும் பார்வை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. நூற்றுக்கு நூறு என்றாளே, அதைத்தான் உடைக்கவேண்டும். அவளுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று. நான் ஒன்றோடு நிற்கிறேன். இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தபோது, ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுது என்று கிளம்பிப் போய்விட்டேன். அடுத்த முறை காய்ச்சல் அடிப்பதுபோல் இருந்தது. அதற்கடுத்த முறை எனக்கு மறதி. ஒற்றை ஊசிக்காரனை எந்த நாடும் வாசலில்கூட நிற்கவிடாது.

சாப்பிடும்போது முகத்தை நன்றாகத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். “ஏம்மா, எனக்கு இன்னும் ரெண்டாவது ஊசி ஆகல. விதியப் பாத்தியா? நாம போகமுடியாது போலிருக்கே.”

அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

“அதனால என்ன? நீங்க இருங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்.”

“நீ மட்டுமா?”

“ஆமா. உங்களுக்குத்தான் விதி. எனக்கு ரெண்டு ஊசி.”

ஜெயித்துவிட்டேன்! என் சந்தோஷம் தட்டைக் கழுவி வைக்கும்வரை நீடித்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“ஒரு விதத்துல நல்லதுதான். பையன் தாத்தாவே இல்லாம ஏங்கிடுவானேன்னு பாத்தேன். சம்பந்தி வர்றாராம்.”

“யாரு?”

“மாப்பிள்ளையோட அப்பா. அவங்க ஊர்ல ஊசிக்குத் தட்டுப்பாடாம். இருந்தும் எங்கெங்கயோ அலைஞ்சு ரெண்டும் போட்டுக்கிட்டாராம். பேரனப் பாக்காம இருக்கமாட்டேன்னு ஒரே பிடிவாதமாம்.”

சம்பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணத்தன்று மேடையில் நடுவில் நின்று, எல்லாப் போட்டோவிலும் என் பாதி முகத்தை மறைத்தவர் அவர். மீசையே ஒரு முழம். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு குதிரை மாதிரி கனைப்பார். அந்த ஆள் என் பேரனுக்கு முதல் தாத்தாவா? நான் போனுக்குள் தாத்தா, அவர் வெளியே தாத்தாவா? நான் சார்ஜ் இறங்கித் தூங்கிக்கொண்டிருக்க, அவர் கனைத்துக்கொண்டிருப்பாரா?

“அவர் எப்ப கிளம்பறாரு?”

“நான் போற சமயத்துலதான். உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?”

மறுநாள் காலையில் வேலைக்குப் போகவில்லை. ஊசிபோடும் கூடத்தின் வரிசையில் முதல் ஆள் நான்தான். கதவைத் திறக்க வந்த காவலாளியே இரண்டாவதாகத்தான் வந்தார்.

“ரெண்டாவது ஊசிக்கு நாள் தாண்டிடுச்சே, ஏன் வரல?” என்றாள் நர்ஸ்.

“பேசாம குத்தும்மா.”

வீட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்துப் பஞ்சைக் காட்டினேன். மனைவி உற்றுப் பார்த்தாள்.

“எதுக்குங்க இந்த வயசுல அவசரம்? ஊசி போட்டாலும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் விடுவாங்க.”

“ரெண்டு வாரம் நீ காத்திருக்கமாட்டியா?”

“நான் காத்திருப்பேன். விமானம் காத்திருக்குமா? அதுல இடமும் இல்லையாம்.”

“ஒரு ஓரத்துல...”

“பஸ்ஸுங்களா அது, படியில தொங்கிட்டு வர?”

கெஞ்சினேன். காலையில் காப்பி போட்டுக்கொடுத்துக் கெஞ்சினேன். அவளுடைய கிளினிக்குக்கே போய், பல் வலிக்காரர்களோடு உட்கார்ந்து கெஞ்சினேன். பல்லைக் காட்டாதவர்கள்கூட என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். கடைசியில், “பாக்கறேன், சத்தியமில்ல” என்று போனை எடுத்தாள். யாரிடமோ தணிந்த குரலில் பேசினாள். ஒரே ஒரு இடம் இருந்ததாம். அதுவும் அவளுக்குப் பக்கத்திலேயே. எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்! அந்த நிமிஷம் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கிளம்புமுன் பரிசோதனை. மூக்குக்குள் ஒரு குச்சியை விட்டார்கள். அது எனக்குச் சொந்தமான எல்லா இடத்துக்கும் போய்விட்டுத் திரும்பியது. முடிவு வந்ததும் மனைவி படித்துச் சொன்னாள்:

“மூளைவரைக்கும் போய்த் தேடிப் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லையாம்.”

அப்புறம் விமானம். எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவைச் சாத்தினார்கள். லிஃப்ட் கதவு என்றால் உள்ளே ஒரு மணி இருக்கும், அமுக்கினால் என்னை மாதிரி ஒருவன் வருவான். இங்கே அமுக்கினால் தண்ணீர் வந்தது. முகமூடிக்குள் சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி என்று சொல்லிக்கொண்டேன். விமானம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று தரையின் சத்தம் நின்றது.

கண்ணை மூடியிருந்தேன். மனைவி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “கீழ பாருங்க” என்றாள்.

பார்த்தேன். நான் வருஷக்கணக்கில் ஏறி இறங்கிய கட்டடங்கள் அத்தனையும் தீப்பெட்டிகளாகக் கிடந்தன. உச்சிமாடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் தரையோடு தரை. பிறகு மேகம். மேகத்தைத் தாண்டினால் வெயில், அப்படி ஒரு வெயில், யாருக்காகவும் இல்லாமல் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. கீழே நாடுகள் வந்துபோயின. எது கதவைச் சாத்திய நாடு, எது திறந்த நாடு என்று மேலிருந்து தெரியவே இல்லை. ஒரு கோடுகூட இல்லை. கயிற்றை மறந்து, கடலையை மறந்து, ஜன்னலில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு வந்தேன்.

நடுவில் விமானம் மாறி, மகளின் நாட்டில் இறங்கி, ஒரே அறையில் இருவருமாகத் தனிமையை அனுபவித்து முடித்து, மகள் வீட்டு வாசலில் நின்றோம். பேரன் அம்மாவின் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மெல்ல வந்தான். என் கன்னத்தில் ஒரு விரலை வைத்து ஒரு பக்கமாகத் தள்ளினான். அடுத்த படம் வரவில்லை. மறுபடி தள்ளினான். அப்போதும் நான்தான். கன்னம் சுடுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். “தாத்தா!” என்று வீடே அதிரக் கத்தினான். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த முறை திறந்துவிடப் பக்கத்தில் குழாய் இல்லை.

அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். லேசாகக் கனைத்துக்கூடப் பார்த்தேன். பிறகு வெற்றிவீரனைப்போல் கூடத்தைச் சுற்றிப் பார்த்து மகளிடம் கேட்டேன்.

“சம்பந்தி இன்னும் வரலையா?”

“மாமாவா? அவர் எங்கப்பா வரப்போறாரு!” என்றாள் மகள். “அவருக்கும் பிளேன்னா பயமாச்சே!”