சுத்துவழி அக்கா மலை ஏறிய வருஷம்

ஆம்பூரிலிருந்து திருவண்ணாமலைக்கு நேர்வழி என்று ஒன்று இருப்பதை உலகத்தில் ஒப்புக்கொள்ளாத ஒரே மனுஷி எங்கள் சுத்துவழி அக்காதான். நான் வேலை செய்த ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். லைனிலிருந்து கேன்டீனுக்குப் போகவே மூன்று வழி வைத்திருந்தாள்: மழைக்கு ஒன்று, மேனேஜர் கண்ணில் படாமலிருக்க ஒன்று, சும்மா ஒன்று.

வருஷா வருஷம் சித்திரைப் பௌர்ணமிக்கு நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் திருவண்ணாமலைக்கு நடந்து போவோம். கண்ணமங்கலம், போளூர் வழியாகத் தார் ரோடு. கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அதற்குப் போய், கேன்டீன் மேஜையில் வேஸ்ட் தோல் துண்டுகளைப் பரப்பி அக்கா வழி போடுவாள். கறுப்புத் துண்டு மலை, பழுப்பு டீக்கடை, சிவப்பு நாய். ஒரு வருஷம் நாய்க்குப் பயந்து ஏரிக்கரையைச் சுற்றி அழைத்துப்போனாள். அங்கே எருமை துரத்தியது.

"எருமைக்குக் கலர் வைக்கலியேக்கா" என்றோம்.

"தோல் கம்மி" என்றாள்.

நான் கம்பெனியில் இருந்த கடைசி வருஷம், எங்கள் லைன் ரேகா நடைக்கு வரவில்லை என்றாள். புருஷன் அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவள். அவன் வீடும் கடையும் அந்தத் தார் ரோட்டின் மேலேயே இருந்தன. அக்கா மேஜையிலிருந்த துண்டுகளை ஒரே வீச்சில் வழித்தெடுத்து, ஒடுகத்தூரிலிருந்து கறுப்பாக அடுக்கினாள்.

"இந்த வாட்டி ஜவ்வாது மலை ஏறிப் போறோம்."

"இன்னாக்கா இது, என் முட்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்றேன்.

"மலை ஏறினா முட்டி நல்லா ஆய்டும். கீழ் ரோட்ல லாரி ஜாஸ்தி, பேஜாரு. ரேகா, நீயும் வர்ற."

மலையில் அக்காவின் திட்டம் ஒரு பலாமரம் வரைதான் செல்லுபடியானது. வெகுதூரம் நடந்தோம். மறுபடியும் பலாமரம்.

"இது வேற மரம்" என்றாள் அக்கா.

அடியில் நாங்கள் தின்று போட்ட ஆரஞ்சுத் தோல் கிடந்தது.

"இங்கயும் யாரோ ஆரஞ்சு துன்னுருக்காங்க பாரு!"

ரேகா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி எங்களை ஜமுனாமரத்தூர் ரோட்டில் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் அவளுக்கே அக்கா வேறு வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.

திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது பௌர்ணமி முடிந்திருந்தது. கூட்டம் வடிந்த கிரிவலப் பாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, எவ்ளோ ஃப்ரீயா கீது!" என்றாள் அக்கா. ரேகா எல்லோருக்கும் முன்னால் கை வீசி நடந்தாள்.

"அடுத்த வருஷமாச்சும் கீழ் ரோட்ல போலாமாக்கா?" என்றேன் மெதுவாக.

"ரேகாவைக் கேளு. அவ போலாம்னா போலாம்."

முட்டி வலியில் எனக்கு உயிர் போனது. இருந்தாலும் நான் ரேகாவைக் கேட்கவில்லை. அக்காவின் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.