தேயிலைச் சக்கைப் பெரும்போர்

வாழ்க, வெளிறிய கன்றுகளின் காவலர்! முந்நூறு மகோகனிக் கன்றுகளைப் பெற்ற பிள்ளைகளாய்ப் பேணுபவரும், சாணமும் சருகும் சாம்பலும் மட்கிய பதத்தை மூக்காலேயே அளந்து சொல்லும் பேராற்றலரும், முழங்கால்வரை சுருட்டிய காற்சட்டையே போர்க்கோலமாய்க் கொண்டவருமாகிய நாற்றுப்பண்ணைத் தண்ணீர்க்காரரின் புகழ் சொல்லப் புகுந்தோம். உரக்குழி மண்புழுக்களே, துணை நில்லுங்கள். சும்மா நெளிந்துகொண்டிருந்தால் போதாது.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். பண்ணை மேலாளர் ஆணையிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள இலை பச்சையாகலேன்னா வரிசையோட அள்ளிக் கொட்டிடுவேன்!" அண்டை வரிசையில் இருநூறு ஈட்டிமரக் கன்றுகளும் அதே மஞ்சளில் வாடின. அவற்றின் அதிபதி வேறு யாருமல்லன், நம் தலைவரின் மனைவியுடன் பிறந்த தம்பி. இருவர் உரக்குழிக்கும் உயிர் ஊட்டுவது பண்ணைக் கேன்டீனின் தேயிலைச் சக்கை. அதுவோ நாளுக்கு ஒரே வாளி. கேன்டீனை ஆள்பவளோ இவருக்கு இல்லாள், அவனுக்கு அக்காள். பங்கு பிரிக்க அவள் மறுத்துவிட்டாள். முந்தியவனுக்கே வாளி என்பது அவள் வகுத்த நீதி, மூன்று நாளாய் முந்தியவன் தம்பி.

நான்காம் நாள் காலை, கடைக்கோடிக் கன்றின் இலையொன்று தொட்டதும் உதிர, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குழாயை மூடவும் மறந்து, பூவாளிகளைத் தாண்டி, மண் நிரப்பிய பைகளைத் தாண்டி, மேலாளரின் சைக்கிளைத் தாண்ட முடியாமல் தள்ளிவிட்டு, கேன்டீனின் பின்வாசலில் மூடியிட்டு வீற்றிருந்த வாளியின் கைப்பிடியை நம் தலைவர் பற்றிய அக்கணமே, எதிர்த்திசையிலிருந்து பாய்ந்த இன்னொரு கையும் அதையே பற்றியது!

"மச்சான், விடு! என் கன்னுங்க மூணு நாளா பட்டினி!" என்று முழங்கினார் தலைவர்.

"மாமா, வயசுக்கு மரியாதை குடுப்பேன், வாளிய குடுக்க மாட்டேன்!" என்று கர்ஜித்தான் தம்பி.

இழுத்தனர், திருகினர், ஒருவர் காலை ஒருவர் மிதித்தனர். வாளி என்றுமில்லாதபடி கனத்தது. கனக்கக் கனக்க இருவர் வீரமும் பெருகியது. "இன்னிக்குச் சக்கை ரொம்ப" என்று இரு நெஞ்சும் ஒருசேரக் குளிர்ந்தன. அப்போது மூடி தெறித்தது. கருநிற வெள்ளம் இருவரையும் தலைமுதல் கால்வரை நீராட்டியது. அதிலிருந்து எழுந்த ஒரு கந்தல் துணி தலைவரின் தோளில் வெற்றிமாலையாய் விழுந்தது.

கதவு திறந்தது. இல்லாளும் அக்காளுமானவள் வெளிப்பட்டாள்.

"ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலையா? அது தரை தொடைச்ச தண்ணி!"

"அப்போ சக்கை?" என்றனர் மாமனும் மச்சானும் ஒரே குரலில். தலைவரின் சட்டைப் பையில் மஞ்சள் இலை நனைந்து ஒட்டியிருந்தது.

பால் வராததால் அன்று டீ போடவில்லை.