கேப்டனின் மூக்கு

காலைத் தேநீருக்கு முன்னால் கிளெனிஸ் ஹெஸ்கத் தன் நாயின் முகத்தைத் துடைத்தாக வேண்டும். வெந்நீரில் பஞ்சை நனைத்து, மடிப்பு மடிப்பாக விரலால் விலக்கி, கண்ணுக்குக் கீழே, மூக்குக்கு மேலே, தாடைக்குப் பக்கத்தில் என்று உள்ளே தங்கிப்போன தீனி, கண்ணீர், எச்சில் எல்லாவற்றையும் வழித்தெடுத்து, பிறகு நாயைத் திருப்பி நிறுத்தி, சுருண்டு உடம்புக்குள்ளேயே போய்விட்ட வாலுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தையும் துடைத்து உலர்த்த வேண்டும். ஒரு நாள் விட்டால் நாறும். இன்னொரு நாளும் விட்டால் புண். டச்சஸ் என்ற அந்த நாய் ஒரு புல்டாக். தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ளக்கூட அதற்கு உடம்பு வளையாது. துடைப்பது கிளெனிஸ். பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து, "என்னா மடிப்பு, என்னா மடிப்பு" என்று பூரித்துப்போவது அவள் கணவர் வில்ஃப்ரெட்.

நாம் பார்க்கப்போகும் பிராணி நாயல்ல, இவர்தான். லட்சணக்காரர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா ஊரிலும் உண்டென்றாலும், மழையும் நாய்க் கண்காட்சியும் ஓயாத, இங்கிலாந்தின் இந்த லங்காஷர் பக்கத்தில் நன்றாகவே செழிக்கிறார். அடையாளம் சுலபம். கோட்டின் ஒரு பையில் சீப்பு, மறு பையில் நாய்க்குக் கொடுக்க வேகவைத்த ஈரல். தெருவில் எதிர்ப்படும் நாயின் பெயரைக் கேட்கமாட்டார்; பின்னால் போய் நின்று இடுப்பைப் பார்ப்பார். தொலைக்காட்சியில் கொலைக்கதை ஓடும்போது, செத்தவன் யார், கொன்றவன் யார் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பிணத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து, முன்னங்கால் சரியில்லை என்பார்.

இவருக்கென்று தனி அகராதி உண்டு. டச்சஸ் கண்ணை மூடினால் ரம்பத்தால் அறுப்பது போல வீடே அதிரும். அதற்குப் பெயர் பாட்டு. நாலு எட்டு வைத்தால் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பெயர் நிதானம். மாடிப்படி ஏற முடியாது. கிளெனிஸ்தான் இடுப்பில் தூக்கிப் போகிறாள். அதற்குப் பெயர் ராஜ தோரணை. அகராதியில் அகப்படாத எதற்கும் ஒரே வாக்கியம்: "இனத்துக்கு அதுதான் இயல்பு, கண்ணு."

சென்ற குளிர்காலத்தில் வில்ஃப்ரெட்டுக்கே ஜலதோஷம் பிடித்தது. மூக்கடைத்துக்கொண்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, இனி பிழைக்கப்போவதில்லை என்கிற முகத்தோடு ஒரு வாரம் கிடந்தார். கிளெனிஸ் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இனத்துக்கு அதுதான் இயல்பு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை.

ஒரு நாயை இந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்கிறீர்களா? ஒரு பாடும் இல்லை. இனத்தின் லட்சணத்தை வரையறுத்த புத்தகத்தில் மூக்கு குட்டையாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். குட்டை என்றால் எவ்வளவு குட்டை? அங்கேதான் விஷயம். போன வருடம் கோப்பை வாங்கிய நாயைவிட ஒரு நூல் குட்டை. அதற்கு அடுத்த வருடம் இன்னொரு நூல். யாரும் கொடுமை செய்யவில்லை; எல்லாரும் ஒரு நூல்தான் செய்தார்கள். அப்பன் ஒரு நூல், மகன் ஒரு நூல், பேரன் ஒரு நூல். கடைசியில் மூக்கு முகத்துக்குள் போய்விட்டது, மூச்சு மட்டும் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. தலையும் அப்படித்தான். பெரிதாக, இன்னும் பெரிதாக என்று வளர்த்த தலை, இப்போது தாய் வயிற்றிலிருந்து தானாக வெளியே வர மறுக்கிறது. வயிற்றைக் கிழித்துத்தான் குட்டியை எடுக்க வேண்டும்.

டச்சஸுக்கு இரண்டு முறை கிழித்தாகிவிட்டது. இரண்டாம் முறை மயக்க மருந்தில் அதன் இதயம் நின்று, திரும்ப ஓடியது. இன்னொரு முறை வேண்டாம், உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று நாய் டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தவள் கிளெனிஸ். வில்ஃப்ரெட் அப்போது காரில் உட்கார்ந்து குட்டிகளின் தாடையை அளந்துகொண்டிருந்தார். இப்போது சனிக்கிழமை பிரெஸ்டனிலிருந்து ஓர் ஆண் நாய் வருகிறது. கோப்பை வாங்கியது. டச்சஸ்மேல் விட்டால் குட்டி எப்படி வரும் தெரியுமா என்று அவர் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

தம் நாய்களின் வம்சப் பெருமையாக எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவருடைய தாத்தா ஈனாக், பஞ்சாலைத் தறிக்காரர். அவர் வளர்த்த கேப்டன் என்ற புல்டாக் ஆலையின் மதிலை ஒரே தாவலில் தாண்டுமாம். மேட்டுக்காட்டைக் கடந்து தொலைவில் இருக்கும் பர்ன்லி ஊர் வரை அவரோடு நடந்து போய், அன்றைக்கே திரும்பி நடந்து வருமாம். அந்த ரத்தம்தான் டச்சஸின் உடம்பில் ஓடுகிறது. ஓடுவது ரத்தம் மட்டும்தான் என்பதைக் கேட்பவர்கள் நாகரிகம் கருதிச் சொல்வதில்லை.

போன வாரம் வில்ஃப்ரெட்டின் அக்கா வீட்டைக் காலி செய்தபோது கிளெனிஸுக்கு ஒரு பழைய புகைப்படம் கிடைத்தது. ஏப்ரன் பையில் வைத்துக் காத்திருந்தாள். இன்று பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்து, படத்தின் ஒரு பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டினாள்.

"வில்ஃப், இந்த நாய் எப்படி இருக்கு, சொல்லேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவர் பிறந்ததே.

"இது எங்க கெடச்சுது? காலப் பாரு, கொக்கு மாதிரி. மூக்கு எங்கயோ நீண்டு போகுது. முகத்துல ஒரு மடிப்பு கெடையாது. நீளமா வால் வேற."

"புல்டாக்குன்னு சொன்னாங்களே."

"எவன் சொன்னான்? இது கலப்பு, கண்ணு. எங்கிட்ட வந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்."

கிளெனிஸ் கையை எடுத்தாள். ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. அதன் கீழே, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, நாயின் கழுத்தில் கை வைத்தபடி ஈனாக் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

வில்ஃப்ரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். டச்சஸ் அவர் காலடியில் பாடிக்கொண்டிருந்தது.

"அந்தக் காலத்துக் கேமரா," என்றார் கடைசியில். "எல்லாத்தையும் நீட்டித்தான் காட்டும்."

"தாத்தா மூக்கு நீளலையே."

அவர் படத்தை மேசைமேல் குப்புற வைத்தார்.

"சனிக்கிழம அந்த நாய வரவேண்டாம்னு சொல்லிடவா?" என்றாள் கிளெனிஸ். "இவ போதும்டா சாமின்னு இருக்கா, வில்ஃப். இந்தத் தடவ போயிடுவா. விட்டுடலாமா?"

வில்ஃப்ரெட் எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். சீப்பு இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்தார். அறையைவிட்டு வெளியே போனார். டச்சஸ் பின்னாலேயே போகப் புறப்பட்டு, கதவருகில் நின்று, மூச்சு வாங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

கிளெனிஸ் தொலைபேசியை எடுத்து பிரெஸ்டனுக்குப் போட்டாள்.

நாய் வளர்க்காத உங்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. சிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சந்தேகம்: போன தை மாதம் பிள்ளைக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, பஜ்ஜி வாசனை கையை விட்டுப் போவதற்குள், படிப்பு இருக்கிறது, குணம் தங்கம், மூக்குதான் கொஞ்சம் என்று இழுத்தது உங்கள் வீட்டில் யார்?

அட, எழுந்து எங்கே போகிறீர்கள்?