குளிரண்ணன் கழுத்துக்குப் போன மாலை

வெயிலுக்குப் பயந்தவர்கள் எங்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. வெயிலோடு தினமும் சண்டைக்குப் போனவர் ஒருவர்தான். கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டில் பழைய வெள்ளைக் கார் ஓட்டும் குளிரண்ணன். அவருடைய சொந்தப் பேர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். என்னைவிட இளையவர்தான். ஊருக்கே அண்ணன் என்பதால் எனக்கும் அண்ணன்.

அந்தக் காரில் ஒரு கதவு உள்ளிருந்து திறக்காது. ஹாரன் தனக்குத் தோன்றினால்தான் அடிக்கும். ஏசி மட்டும் சித்திரை வெயிலிலும் சில்லென்று வீசும். தினம் காலையில் காரின் முன்பக்க வலைக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளில் படிந்த தூசியை, குழந்தைக்கு முகம் கழுவுவதுபோல் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்.

"இதுதானுங்க ஏசிக்கு மூக்கு. மூக்கடைச்சுதுன்னா உள்ள குளிரே வராதுங்க."

கூப்பிட்டோம், ஏறினோம் என்றெல்லாம் அவரிடம் நடக்காது. முதலில் நாலு கதவையும் திறந்து, ஒரு கதவைப் பிடித்து முறத்தால் புடைப்பதுபோல் ஆட்டி, உள்ளே இருக்கும் அனலை வெளியே விரட்டுவார். அதுவரை நாம் புளியமரத்து நிழலில் நின்று வேர்வை ஆற வேண்டும். சூடான சாப்பாட்டுப் பொட்டலம் வண்டிக்கு மேலேதான் பயணம் செய்யும். ஒருமுறை இழவு வீட்டுக்குப் போன ஒரு கவுண்டர் பின்சீட்டில் விம்மி அழுதாராம். "அழுகைல சூடு ஏறுமுங்க, ஊடு போய்ச் சேர்ந்து அழுதுக்கலாமுங்க" என்றாராம் இவர். தேவிகுளத்துப் பனியில் சவாரி போனாலும் பத்து நிமிஷம் ஏசி போடாமல் விடமாட்டார். போர்வைக்குள் நடுங்கியவர்கள் கெஞ்சினால், "சும்மா கெடந்தா அதுக்கு வேலை மறந்துருமுங்க" என்பார்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் மகள் அமுதாவின் கல்யாணமே இருந்தது.

பையன் தேவிகுளம். கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பையனின் அம்மா சம்மதிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்த அம்மாள் மலையை விட்டு இறங்காதவர். முன்னே ஒரு மலைக்காரக் குடும்பம் எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வந்து, "ஊரா இது, அடுப்பா?" என்று காப்பிகூடக் குடிக்காமல் திரும்பியிருந்தது. அதனால் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களைக் குளிர்ச்சியாகக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு குளிரண்ணனுக்கு. வழித்துணைக்கு ஒரு பொம்பளை வேண்டும் என்று என்னை ஏற்றிவிட்டார்கள். புது மனிதர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. அமுதா என் கையைப் பிடித்து, "அம்மா, நீ பேசவே வேண்டாம், சிரிச்சா போதும்" என்றாள். வண்டி கிளம்பும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.

புறப்படும் நேரத்தில் என் நாத்தனார், மாரியம்மன் கோயிலில் வைத்து எடுத்த செண்டுமல்லி மாலையைக் கொண்டுவந்தாள். ஆள் உயரம், தலையணைப் பருமன். அதைக் காரின் முன்வலை முழுக்க வளைத்துக் கட்டினாள்.

குளிரண்ணன் பதறினார். "ஏனுங்க அம்மணி, மூக்கை மறைக்குதுங்களே!"

"நல்ல காரியத்துக்குப் போற வண்டிக்கு மாலை கட்டாம? சாமி மாலை உனக்கு இடைஞ்சலாக்கும்?"

உலகத்தில் அவர் வெயிலிடம் தோற்கமாட்டார், மாரியம்மனிடம் தோற்பார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

போகும்போது எப்படியோ ஓடிவிட்டது. திரும்பும்போது பையன் முன்னால், அவன் அப்பா அம்மாவோடு நான் பின்னால். கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் கார் நின்றது. ஏசியிலிருந்து காய்ச்சல்காரர் மூச்சுபோல் காற்று வந்தது. பையனின் அம்மா முந்தானையால் விசிறினார்.

"ஏப்பா டிரைவரு, என்னாப்பா இப்பிடி வேகுது? மனுசன் குடியிருக்கிற ஊருதானா இது?"

"கொஞ்சம் பேசாம வாங்க தாயி, பேசுனா சூடு" என்றார் குளிரண்ணன்.

அந்த அம்மாள் முகம் சிவந்தது. எனக்கு அமுதாவின் கை ஞாபகம் வந்தது. எங்கிருந்து வந்ததோ குரல், "அண்ணா, மூக்கு!" என்று கத்திவிட்டேன்.

குதித்து இறங்கி மாலையை அவிழ்த்தார். அவிழ்த்ததை எங்கே வைப்பது? உள்ளே காலடியில்தான் இடம் இருந்தது. மேலே கட்டினால் காற்றில் பிய்ந்து ரோட்டில் விழும். சாமி மாலை. "கோயில் மாலைங்களே, காலடியில வைக்கலாமுங்களா?" என்று ஒரு நிமிஷம் அதையும் வானத்தையும் பார்த்தார். பிறகு தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வண்டி ஓடத் தொடங்கியதும் ஏசிக்கு உயிர் வந்தது. பையனின் அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. அது கோபமா, அடக்கமா என்று தெரியாமல் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டு வாசலில் முதலில் இறங்கியவர் குளிரண்ணன், மாலையும் கழுத்துமாக. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு நின்ற என் பெரியம்மா நேரே அவர் முன்னால் ஆரத்தித் தட்டைச் சுற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாலையோடவே வந்துட்டாரே, அத்தனை அவசரமா? ஏன் கண்ணு, மாப்பிளைக்குக் கொஞ்சம் நரைச்சிருக்குதே?"

குளிரண்ணன் நெற்றியில் பொட்டோடு அசையாமல் நின்றார். காரைப் பிடித்துக்கொண்டு பையனின் அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சாமி மாலையைக் கீழ வைக்க மனசு வராம கழுத்துல போட்டுக்கிட்டு வர்ற ஆளு இருக்குற ஊரு. வேகட்டும், பரவாயில்ல. பொண்ணைக் கூப்பிடுங்க."

அமுதா இப்போது தேவிகுளத்தில் ஸ்வெட்டரோடு இருக்கிறாள். கோடை விடுமுறைக்குப் பிள்ளையோடு வரும்போது, கூட்டிவர நானும் குளிரண்ணனும்தான் போகிறோம். அன்றைக்கு மூக்கைக் கண்டுபிடித்தவள் என்பதால் என்மேல் அவருக்குத் தனி மரியாதை. ஏறினதும் ஏசிக் காற்று முழுவதையும் என் பக்கம் திருப்பிவிட்டு, "எப்படீங்கக்கா?" என்று கண்ணாடியில் பார்ப்பார்.

அந்தக் காற்று பட்டால் எனக்குக் காது வலிக்கும். முந்தானையால் இரண்டு காதையும் மூடிக்கொண்டு, "நல்லா குளிருதுங்கண்ணா" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.