நீலகண்டனின் ஆள்காட்டி விரல்

மணமேடையில் மதுவந்தி விரலால் காற்றில் எதையோ எழுதினாள். விரல் ஆடினால் மேளக்காரர்களுக்குச் சைகை. கெட்டிமேளம் முழங்கியது. ஜனங்கள் அட்சதையை வீசிவிட்டார்கள். தாலியோ இன்னும் தேங்காய் மேலேயே இருந்தது.

"யாருடி விரலை ஆட்டினது?" என்றார் அப்பா நீலகண்டன்.

"நான்தான்பா. ஒரு சமன்பாடு வந்தது."

மதுவந்தி கணித ஆராய்ச்சி செய்பவள். வயலினும் அபாரமாக வாசிப்பாள். எதில் மூழ்கினாலும் இந்த உலகத்தில் இருக்கமாட்டாள். மேளக்காரர்களிடம் ராகங்களைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நேற்றுப் போனவள், கொச்சி மட்டாஞ்சேரியின் மழையில் நனைந்தபடி ஏதோ முனகிக்கொண்டு திரும்பினாள். இப்போதும் ஜன்னல் வழியே கொச்சங்காடிக் கிடங்குகளின் சுக்கு வாசனையோடு வந்த காற்றில் மிதப்பவள் போலத்தான் இருந்தாள்.

நீலகண்டன் குடும்ப கௌரவத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். அவருடைய ஆள்காட்டி விரல் உயர்ந்தால் சம்பந்தம் முறிந்தது என்று பொருள். முன்பே இரண்டு நிச்சயதார்த்தங்கள் அந்த விரலால் நின்றிருந்தன. மூன்றாவதாக வந்த நிகிலை மதுவந்திக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவர் மகளின் வலக்கையைப் பிடித்துக்கொண்டார். அவள் இடக்கையால் எழுதினாள். மறுபடியும் கெட்டிமேளம். மிச்ச அட்சதையும் போயிற்று.

"எந்தா ஓய், ஒத்திகையா?" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் மாமா பிச்சுமணி.

நீலகண்டனுக்கு முகம் சிவந்தது. தவில்காரர் சுடலைமணியைக் கூப்பிட்டார். "இனிமே வேற யார் விரலையும் பார்க்கப்படாது. என் விரலை மட்டும் பாரும்!"

"உத்தரவு, சாமி."

முகூர்த்தம் வந்தது. வழக்கப்படி மதுவந்தி அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். நாகஸ்வரம் தாலாட்டுப் போல ஊர்ந்தது. நிகில் தாலியைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்துப் பிச்சுமணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓய், இது காப்பியா, கொச்சங்காடி கிடங்குல சாக்கு அலசின ஜலமா?"

மடியில் பெண் இருந்ததால் நீலகண்டனால் எழுந்திருக்க முடியவில்லை. விரல் மட்டும் எழுந்தது.

"எங்காத்துக் காப்பியையா சொல்றீர்? இந்தக் கல்யாணம் நட..."

கெட்டிமேளம் இடி போல இறங்கியது. அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. கோபத்தில் விரலை ஆட்ட ஆட்ட மேளமும் ஏறியது. நிகில் முதல் முடிச்சைப் போட்டான், மிச்சத்தை அவன் அக்கா போட்டாள். அட்சதை தீர்ந்துபோனதால் ஜனங்கள் தலையிலிருந்த பூவை உதிர்த்து எறிந்தார்கள்.

பந்திக்கு முன்னால் நீலகண்டன் சுடலைமணியை மடக்கினார். "கோபத்துல ஆட்டற விரலுக்கும் அடிக்கறதா? வித்தியாசம் தெரியாதா உமக்கு?"

"நல்லாத் தெரியும், சாமி. ஆனா பாப்பா நேத்தே கணக்குப் போட்டுச் சொல்லிருச்சு: 'என் விரலுக்கு ரெண்டு தடவை அடிங்க, அப்புறம் தன் விரலை மட்டும் பார்க்கச் சொல்லி அப்பாவே உத்தரவு போடுவார், அந்த விரல் மேல போச்சுன்னா, முடிச்சு விழற வரைக்கும் நிறுத்தாதீங்க.'"